உள்துணி கிழியாமல் எடுக்கிற வேலை

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கமுங்க. என் வீட்டுக்காரருக்கு வயது 44. திருப்பூரில் சொந்தமாக ஒரு சின்ன பவர் டேபிள் (தையல் யூனிட்) போட்டு நடத்துகிறார். நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறேன். ஒன்றரை வருடமாக அவருக்குச் சாப்பாடு நெஞ்சில் நிற்கிறது. களி, கறி எல்லாம் தண்ணீர் குடித்துத்தான் இறக்குகிறார். கேஸ் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தோம். போன மாதம் டியூப் விட்டுப் பார்த்ததில் 28 செ.மீ.யில் ஒரு மேடு, மேல்தோல் நன்றாக இருக்கிறது என்று எழுதினார்கள். சி.டி. ஸ்கேனில் 4.5-க்கு 3 செ.மீ. அளவில் கட்டி, 'லியோமயோமா' போல் தெரிகிறது என்று வந்தது. சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று என் அண்ணன் சத்தம் போடுகிறார். ஒரு டாக்டர் நெஞ்சைத் திறந்து எடுக்கணும் என்கிறார். கோயமுத்தூரில் இன்னொருவர் ரோபோ வைத்து எடுக்கலாம், செலவு கூட ஆகும் என்கிறார். கத்தி பட்டால் கட்டி கேன்சராகிவிடும் என்று மாமியார் அழுகிறார். தோட்டத்தில் எங்கள் பங்கை விற்றுவிடலாமா என்றுகூடப் பேச்சு நடக்கிறது. ரோபோவே ஆபரேசன் செய்யுமா? யாரை நம்புவதுங்க? மாசி மாதம் என் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து, கிடா விருந்து. அதற்குள் அவர் பழையபடி சாப்பிடுவாரா?
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: முதலில் தோட்டத்தை விற்கிற பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது நாளைக்கே ஓட வேண்டிய நோய் இல்லை. நாலு இடம் விசாரிக்க நேரம் இருக்கிறது.

லியோமயோமா என்பது தசையில் வளரும் சாதாக் கட்டி. நம் உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளம். டியூப் விட்டுப் பார்க்கிற ஸ்கோப் ரிப்போர்ட்டில் வரும் அளவை முன்பல்லிலிருந்து எண்ணுவார்கள். 15 செ.மீ. அருகில் குழாய் தொடங்கும், 40 செ.மீ. அருகில் இரைப்பையில் சேரும். ஆக 28 என்பது நடுநெஞ்சு. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, இதயத்தின் பின்பக்கம். உணவுக்குழாயின் மேல் பகுதியில் நாமாக அசைக்கிற வகைத் தசை இருக்கிறது. கீழே போகப் போகத் தானாக அசைகிற தசை. இந்தக் கட்டி அந்த இரண்டாம் வகைத் தசையிலிருந்து வருவது. அதனால்தான் பெரும்பாலும் நடுப்பகுதியிலும் அடிப்பகுதியிலுமே பார்க்கிறோம். இருபதிலிருந்து ஐம்பது வயதுக்குள், பெண்களைவிட ஆண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. உங்கள் வீட்டுக்காரர் எல்லாக் கணக்கிலும் பொருந்துகிறார்.

உணவுக்குழாயில் கட்டி என்றதும் நம் ஊரில் எல்லாரும் கேன்சர் என்றுதான் நினைப்பார்கள். அதில் தப்பில்லை. அங்கே வரும் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றுகூடச் சாதாக் கட்டி கிடையாது. அந்தச் சாதாக் கட்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு லியோமயோமா. ஆனால் கேன்சர் உள்தோலில் தொடங்கும், தோலைப் புண்ணாக்கும். முதலில் கறி இறங்காது, சில மாதங்களிலேயே கஞ்சியும் இறங்காது. இவருக்கு ஒன்றரை வருடமாக அதே களியோடுதான் போராட்டம், உள்தோலும் மழமழவென்று இருக்கிறது. இந்தக் கட்டி கேன்சராக மாறுவது மிக மிக அபூர்வம். கத்தி பட்டு மாறும் என்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. மாமியாரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் கடைசிக் கட்டத்தில்தான் ஆஸ்பத்திரிக்கே தூக்கி வருவார்கள், ஆபரேசன் செய்தும் பிழைக்க மாட்டார்கள். பழி கத்தி மேல் விழுந்தது.

இப்போது உங்கள் அண்ணன் சத்தத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் முக்கியமான இடமே அதுதான்.

லைனிங் வைத்துத் தைத்த ஒரு சட்டைக் கையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வழுவழுப்பான லைனிங், வெளியே கெட்டித் துணி. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோலிக்குண்டு மாட்டிக்கொண்டது. எப்படி எடுப்பீர்கள்? வெளித்துணியில் தையல் ஓடுகிற போக்கிலேயே கொஞ்சம் பிரித்து, குண்டை நெம்பி எடுத்து, திரும்ப வெளித்துணியைத் தைத்துவிடுவீர்கள். லைனிங்கில் ஊசி படக் கூடாது. உணவுக்குழாயிலும் அதேதான். வெளியே தசை, உள்ளே உள்தோல், நடுவில் ரப்பர் பந்து போலக் கட்டி. தசை நார்களை நீளவாக்கில் பிளந்தால், கட்டி தன் உறையோடு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். குழாயை வெட்டி ஒட்டும் வேலையே கிடையாது.

அப்படி வழுக்கி வர வேண்டுமானால் உள்தோல் கட்டியோடு ஒட்டியிருக்கக் கூடாது. ஸ்கோப் வழியாக இடுக்கியை விட்டு உள்தோலைக் கிள்ளிச் சதை எடுத்தால், முதல் நஷ்டம், கட்டி ஆழத்தில் இருப்பதால் வெறும் தோல்தான் கிடைக்கும், ரிப்போர்ட்டில் ஒன்றும் இருக்காது. இரண்டாவது நஷ்டம்தான் பெரிது. கிள்ளிய இடம் ஆறும்போது தழும்பாகிக் கட்டியோடு ஒட்டிக்கொள்ளும். லைனிங்கைப் பசை போட்டுக் குண்டில் ஒட்டிய மாதிரி. சில வருடங்களுக்கு முன்னால் என்னிடம் வந்த ஒருவருக்கு வேறொரு இடத்தில் இரண்டு முறை அப்படிச் சதை எடுத்திருந்தார்கள். நான் எவ்வளவு மெதுவாகப் பிரித்தும் அந்த ஒரு இடத்தில் உள்தோல் கிழிந்துவிட்டது. அங்கேயே தைத்தேன், ஆறியும் விட்டது. ஆனால் நாலு நாளில் வீட்டுக்குப் போக வேண்டியவர் பன்னிரண்டு நாள் வாய் வழியாக ஒன்றும் சாப்பிடாமல் கிடந்தார். அவர் மனைவி தினமும் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. உங்களுக்கு ஸ்கோப் பார்த்த டாக்டர் சதை எடுக்காமல் விட்டது அலட்சியம் இல்லை, விவரம் தெரிந்ததால்தான் விட்டிருக்கிறார். அண்ணனிடம் சொல்லுங்கள், அந்த டாக்டருக்கு ஒரு நன்றியும் சொல்லுங்கள்.

அப்படியானால் எதை வைத்து உறுதி செய்வது? எண்டோ அல்ட்ராசவுண்ட் என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. ஸ்கோப்பின் நுனியிலேயே சின்ன ஸ்கேன் கருவி இருக்கும். குழாயின் சுவர் அடுக்கடுக்காகத் தெரியும், கட்டி எந்த அடுக்கிலிருந்து கிளம்புகிறது, ஓரம் ஒழுங்காக இருக்கிறதா, உள்ளே ஒரே சீராக இருக்கிறதா என்று பார்க்கலாம். இதை உங்களுக்கு இன்னும் செய்யவில்லை என்று நினைக்கிறேன். ஆபரேசன் தேதி குறிக்கும் முன் செய்துவிடுங்கள். லியோமயோமாவைப் போலவே வேஷம் போடும் 'ஜிஸ்ட்' என்ற கட்டி ஒன்று உண்டு. இரைப்பையில் அதிகம், உணவுக்குழாயில் அபூர்வம். அதைச் சாதாக் கட்டி கணக்கில் சேர்க்க முடியாது, வெறுமனே நெம்பி எடுத்துவிட்டு வரவும் கூடாது. ஸ்கேனில் அப்படிச் சந்தேகம் வந்தால் மட்டும் அதே கருவி வழியாக மெல்லிய ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சாயச் சோதனைக்கு அனுப்புவார்கள். ஊசிக்கும் இடுக்கிக்கும் வித்தியாசம் உண்டு. சந்தேகம் இல்லை என்றால் ஊசியும் வேண்டாம்.

ஆபரேசன் தேவையா? உங்கள் வீட்டுக்காரருக்குத் தேவை என்றுதான் சொல்வேன். சாப்பிட முடியவில்லை, கட்டியும் சின்னது இல்லை. ஆனால் இதைப் படிக்கிற எல்லாருக்கும் இது பொருந்தாது. வேறு எதற்கோ ஸ்கோப் பார்த்து, ஒன்றரை செ.மீ.யில் ஒரு மேடு தெரிந்து, ஒரு தொந்தரவும் இல்லாதவர் வருடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். மெதுவாக வளர்வதுதான் இதன் குணம்.

சரி, எந்த வழியில் எடுப்பது? நெஞ்சைத் திறப்பது பழைய வழி. விலா எலும்புகளுக்கு நடுவே நீளமாக வெட்டி, எலும்புகளை விரித்து உள்ளே போக வேண்டும். கட்டியை எடுக்கிற காயத்தைவிட அங்கே போய்ச் சேருகிற காயம்தான் பெரிது. வலி பல மாதம் இருக்கும். மிகப் பெரிய கட்டி, குழாயைச் சுற்றி லாடம் போல வளைந்த கட்டி என்றால் இன்றும் அது தேவைப்படலாம். 4.5 செ.மீ.க்கு நான் அதை முதல் வழியாகச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, தோராகோஸ்கோபி. வயிற்றில் லேப்ராஸ்கோபி செய்வது போல நெஞ்சில் மூன்று நான்கு துளைகள். இது நம் பக்கத்துக்குப் புதிது இல்லை. கோவை டாக்டர் சி. பழனிவேலு குழுவினர் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து நெஞ்சுத் துளைகள் வழியே உணவுக்குழாயைப் பிரித்தெடுத்த 130 பேரின் அனுபவத்தை 2006-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் எழுதினார்கள். அது கேன்சருக்கான, இதைவிடப் பெரிய ஆபரேசன். குப்புறப் படுத்தால் நுரையீரல் தன் எடையிலேயே கீழே சரிந்து குழாயை விட்டு விலகும், ரத்தமும் அந்த இடத்தில் தேங்காது. இந்தப் பழக்கம் உள்ள கைகள் கொங்கு நாட்டிலேயே இருக்கின்றன என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவதுதான் ரோபோ. ரோபோ தானாக எதையும் செய்யாது. டாக்டர் அதே அறையில் சில அடி தள்ளி ஒரு மேடையில் உட்கார்ந்து, கண்ணைத் திரையில் வைத்து, இரண்டு கைகளாலும் கால் பெடலாலும் இயக்குவார். அவர் விரல் அசைந்தால்தான் உள்ளே கருவி அசையும், அவர் கையை எடுத்தால் அதுவும் நின்றுவிடும். அதிகம் பார்க்கிற டாவின்சி ரோபோவை 2000-இல் அமெரிக்க அரசு அனுமதித்தது. அதன் கருவிகள் 8 மி.மீ. துளைகள் வழியே போகும். இந்தியாவிலேயே செய்யும் 'மந்த்ரா' என்ற ரோபோவும் இப்போது இருக்கிறது.

இதில் என்ன லாபம்? தோராகோஸ்கோபிக் கருவி நம் தொரட்டி மாதிரி. நீளமான கம்பு, நுனியில் ஒரு பிடி. விலா எலும்புகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட கம்பு நினைத்த பக்கம் வளையாது. ரோபோ கருவிக்கு நுனியில் மணிக்கட்டு இருக்கிறது, நம் கையைப் போலத் திரும்பும். படம் ஆழத்தோடு, பத்து மடங்கு வரை பெரிதாகத் தெரியும். கை நடுக்கத்தை மெஷின் வடிகட்டிவிடும். உள்தோலுக்கும் கட்டிக்கும் நடுவில் உள்ள அந்த மெல்லிய இடைவெளியில் நார் நாராகப் பிரிக்கவும், குழாய் மேலே ஓடுகிற வேகஸ் நரம்பை ஒதுக்கி வைக்கவும், கடைசியில் தசையைத் தைக்கவும் இது நல்ல உதவி. தசையைத் தைக்காமல் விட்டால் உள்தோல் அந்த இடைவெளியில் பை போலப் பிதுங்கிக்கொண்டு, சாப்பாடு அங்கே போய்த் தங்கும். ஒரு குறையும் உண்டு. பெரும்பாலான ரோபோக்களில் தொட்டு உணர முடியாது, எவ்வளவு இழுக்கிறோம் என்று கண்ணால் பார்த்தே கணக்குப் போட வேண்டும். அது பழகப் பழகத்தான் வரும்.

என் ஆஸ்பத்திரியில் ரோபோ இல்லை, நான் தோராகோஸ்கோபியில் செய்கிறவன். ஆகவே நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டே கேளுங்கள். பயிற்சிக்குப் போய் அந்த மேடையில் உட்கார்ந்திருக்கிறேன், தைக்கும்போது பொறாமையாகவே இருந்தது. ஆனால் ரோபோவில் எடுத்தால்தான் பிழைப்பார், தோராகோஸ்கோபியில் எடுத்தால் ஆபத்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டி அபூர்வமானது, ஆளுக்குப் பத்து, இருபது பேரைத்தான் பார்த்திருப்போம். ஆயிரக்கணக்கானவர்களை இரண்டு பக்கமாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு கிடையாது. நல்ல கையில் இரண்டுமே நன்றாக முடிகின்றன. உங்கள் பவர் டேபிளில் புது ஃபிளாட்லாக் மெஷின் வாங்கிப் போட்டால் பீஸ் தானாக நன்றாக வந்துவிடுமா? அதில் யார் உட்காருகிறார் என்று உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியாததா!

இன்னொரு வழியும் உண்டு. 2008-இல் ஜப்பானிய டாக்டர் ஹருஹிரோ இனோவே, உணவுக்குழாயின் உள்தோலுக்கு அடியில் ஸ்கோப்பாலேயே சுரங்கம் தோண்டித் தசையை வெட்டும் முறையைத் தொடங்கினார். அது விழுங்குதல் தடைபடும் வேறொரு நோய்க்கு. அதே சுரங்க வழியில் பிறகு கட்டியையும் எடுக்கத் தொடங்கினார்கள். வெளியே ஒரு துளைகூட இருக்காது. ஆனால் கட்டி சுரங்கத்துக்குள் அடங்க வேண்டும், வாய் வழியே வெளியே வரவும் வேண்டும். இவருக்கு அகலம் 3 செ.மீ. என்பதால் விளிம்பில் நிற்கிறார். இதை அடிக்கடி செய்கிற ஒருவரிடம் படத்தைக் காட்டிக் கேட்பதில் நஷ்டமில்லை.

கோயமுத்தூர் டாக்டரைப் பார்க்கும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். உணவுக்குழாய் ஆபரேசன் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், அதில் இந்த வகைக் கட்டி எத்தனை? உள்தோல் கிழிந்தால் என்ன செய்வீர்கள்? எடுத்து முடித்ததும் காற்று ஊதிப் பார்ப்பீர்களா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்களே, அதே மாதிரி ஸ்கோப்பை உள்ளே விட்டுக் காற்று செலுத்தி, நெஞ்சுக்குள் ஊற்றிய நீரில் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். மேஜை மேலேயே கண்டுபிடித்துத் தைத்த கிழிசல் பெரும்பாலும் ஆறிவிடும். தெரியாமல் விட்ட கிழிசல்தான் ஆளைக் கொல்லும். கேட்டதற்குக் கோபப்படுகிற டாக்டராக இருந்தால், அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான்.

பணத்துக்கு வருவோம். ரோபோவில் செலவு கூடுவதற்கு மெஷின் விலை மட்டும் காரணமில்லை. அதன் கருவிகளை இத்தனை முறைதான் பயன்படுத்தலாம் என்று கணக்கு இருக்கிறது, அதற்கு மேல் மெஷினே ஏற்காது. அந்தச் செலவு பில்லில் வரும். தோராகோஸ்கோபிக்கு எவ்வளவு, ரோபோவுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். தனியார் இன்சூரன்ஸ் இருந்தால், ரோபோ அறுவை சிகிச்சையை நவீன சிகிச்சைகளின் பட்டியலில் வைத்து, மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்குத் தனி உச்சவரம்பு போட்டுக்கொள்ளலாம். பாலிசியில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள், ஏஜென்ட் வாய்ச்சொல் போதாது. உங்களுக்குக் கம்பெனியில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? அப்படியானால் கணவருக்கும் அதில் வைத்தியம் உண்டு. பெரிய சிகிச்சைக்கு எத்தனை நாள் சந்தா கட்டியிருக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள், உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்திலிருந்தே தொடங்குங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. இந்த ஆபரேசன் எந்த ஆஸ்பத்திரியில், எந்த முறையில் அதில் வருகிறது என்று திட்ட அலுவலரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். அரசு தரப்பில் சென்னை ஓமந்தூரார் மருத்துவமனையில் 2022 முதல் ரோபோ இருக்கிறது. இத்தனையும் விசாரித்த பிறகும் ரோபோவுக்குக் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், நான் தோராகோஸ்கோபி பக்கம்தான் நிற்பேன். தோட்டம் இருக்கட்டும்.

உங்கள் வீட்டுக்காரர் பீடி, சிகரெட் பிடிப்பாரா என்று எழுதவில்லை. பிடித்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள், ஆபரேசனுக்குக் குறைந்தது நாலு வாரம் முன்பாவது. ஆபரேசனின்போது வலது நுரையீரலைச் சுருக்கி வைத்து, ஒற்றை நுரையீரலில்தான் மூச்சு ஓடும். அவரோ வருடக்கணக்காகப் பஞ்சுத் தூசியில் உட்கார்ந்திருக்கிறார். நுரையீரல் பரிசோதனை கட்டாயம் வேண்டும். மூன்று பந்துள்ள கருவியைக் கொடுப்பார்கள். எல்லாரும் அதை ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். இப்போதே வாங்கிப் பழகினால் பின்னால் சளி கட்டாது.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் மூன்றிலிருந்து ஐந்து நாளில் வீட்டுக்கு வரலாம். நெஞ்சில் ஒரு குழாய் வைத்திருப்பார்கள், ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள். சிலர் மருந்துத் தண்ணீர் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்துக் கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகே வாய்க்குக் கொடுப்பார்கள். முதலில் தண்ணீர், மோர், கஞ்சி. அப்புறம் குழையக் குழைய அரிசிம்பருப்பு சாதம், பால் ஊற்றி நன்றாக ஊறிய சந்தகை. இரண்டு வாரம் இப்படியே போகட்டும். களி மென்மையாகத்தான் இருக்கிறதே என்று உருட்டி விழுங்கக் கொடுத்துவிடாதீர்கள், மெல்லாமல் விழுங்குகிற எதுவும் இப்போது வேண்டாம். வீட்டுக்கு வந்த பின் காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கழுத்துத் தோலை அழுத்தினால் நறநறவென்று காற்றுக் குமிழி போலத் தெரிவது, இதில் எது வந்தாலும் இரவு இரண்டு மணி ஆனாலும் ஆபரேசன் செய்த இடத்துக்கே போங்கள். எடுத்த கட்டியை முழுதாகப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அந்த ரிப்போர்ட் வந்த பிறகுதான் லியோமயோமா என்பது முடிவு. மறக்காமல் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

ஆபரேசனுக்கு முன்பே எச்சில்கூட இறங்காமல் போனாலோ, ரத்த வாந்தியோ கரிய மலமோ வந்தாலோ, ஆற அமர விசாரிக்கலாம் என்று நான் முதலில் சொன்னது செல்லாது. உடனே போக வேண்டும்.

மாசிக்கு முன் இரண்டு மாதம் இடைவெளி கிடைக்கிற மாதிரி ஆபரேசனை வைத்துக்கொண்டால், கிடா விருந்துக்குத் தாராளமாகப் போகலாம் அம்மிணி. பந்தியில் அவர் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். நன்றாக வெந்த கறியாக நாலு துண்டு, மென்று சாப்பிடட்டும். பந்திக்குப் பாத்திரம் தூக்குகிற வேலையையும், திரும்பி வந்து பீஸ் கட்டுகளை வண்டியில் ஏற்றுகிற வேலையையும் மட்டும் உங்கள் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். சத்தம் போட்டதற்கு அந்தத் தண்டனை போதும்.